தொகை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்

'தொகை' என்ற சொல் தமிழில் இரண்டு பொருளில் வழங்குகிறது. ஒன்று, தொகுக்கப்பட்ட நூல். குறுந்தொகையிலும் கலித்தொகையிலும் இருப்பது அந்தப் பொருள். மற்றொன்று, பணம். 'தொகை எவ்வளவு ஆயிற்று?' என்று கடையில் கேட்கிறோமே, அந்தப் பொருள். ஒரே சொல் இரண்டையும் சுமப்பது மொழியின் இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டாவது பொருளுக்கு முதலாவதன் உடையை அணிவித்துச் சந்தைக்கு அனுப்புவது வணிகத்தின் தந்திரம். மேற்கத்திய இசையுலகில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில் வரும் வெற்றிப்பாடல் தொகுப்புகளைப் பற்றி நம்முடைய நிலைப்பாடு இதுவே. பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. அவற்றுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். சிகாகோ என்ற ராக் இசைக்குழுவின் பாடல்களைத் தொகுத்து 1975 நவம்பரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'சிகாகோ IX: சிகாகோஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற இசைத்தட்டுதான் அது.

1

முதலில் குழுவைப் பற்றிச் சில சொற்கள். 1967இல் சிகாகோ நகரில் கூடியவர்கள் இவர்கள். 1969இல் முதல் ஆல்பம் வந்தபோது குழுவின் பெயர் 'சிகாகோ ட்ரான்சிட் அதாரிட்டி'. அது அந்நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயர். நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்ததால் 'சிகாகோ' என்று சுருங்கியது. ஏழு பேர். கிதாரில் டெர்ரி காத், விசைப்பலகையில் ராபர்ட் லாம், பேஸ் கிதாரில் பீட்டர் செடேரா, டிரம்ஸில் டேனி செராஃபின். இதுவரை எந்த ராக் குழுவிலும் காணக்கூடிய அமைப்புத்தான். இவர்களோடு டிராம்போனில் ஜேம்ஸ் பாங்கோ, டிரம்பெட்டில் லீ லாக்னேன், சாக்ஸபோனிலும் புல்லாங்குழலிலும் வால்டர் பாரசைடர் சேர்ந்தபோதுதான் அது சிகாகோ ஆயிற்று.

ராக் இசையில் ஊதுகருவிகள் அதற்கு முன்பும் இருந்தன. பெரும்பாலும் அவை பாடகருக்குப் பின்னால் நின்று தோரணம் கட்டும் வேலையைச் செய்தன. சிகாகோவில் அவை இன்னொரு பாடகர். பாடும் குரல் ஒன்றைச் சொல்லி நிறுத்தும். ஊதுகருவிகள் அதை மறுக்கும், அல்லது முடித்துவைக்கும், சில இடங்களில் குரலை இடைவெட்டும். அந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி பாங்கோவின் கைவண்ணம்.

இவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களும் இரட்டைத் தட்டுகள். 1969, 1970, 1971 என ஆண்டுக்கு ஒன்று. புதிதாக அறிமுகமாகும் குழு ஒன்றுக்கு இரட்டைத் தட்டு என்பது துணிச்சலல்ல, ஏறத்தாழ ஆணவம். அந்த இடம் முழுவதையும் இவர்கள் பயன்படுத்தினார்கள். முதல் ஆல்பத்தில், 1968 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது தெருவில் திரண்ட போராட்டக்காரர்களின் முழக்கம் ஒலிப்பதிவாகவே இடம்பெற்று ஒரு பாடலுக்குள் நுழைகிறது. 'ஃப்ரீ ஃபார்ம் கிதார்' என்று ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்குக் காத்தின் கிதார் மட்டும் தனியே அலறுகிறது. இரண்டாம் ஆல்பத்தில் வியட்நாம் போருக்கு எதிராக நான்கு பகுதிகளில் 'இட் பெட்டர் எண்ட் சூன்' வருகிறது. அதன் உறையில் தங்கள் உழைப்பைப் புரட்சியின் மக்களுக்கு உரித்தாக்கும் அறிவிப்பும் உண்டு. கார்னகி அரங்கில் நிகழ்த்திய கச்சேரிகளை 1971இல் நான்கு தட்டுகளாக வெளியிட்டபோது, பெட்டிக்குள் வாக்காளர் பதிவு குறித்த தகவலையும் வைத்தார்கள். அந்த அரசியல் எவ்வளவு ஆழமானது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பதற்கு முதலில் அது கண்ணில் படவேண்டும்.

2

இப்போது IXஐத் திறப்போம். பதினொரு பாடல்கள். கணக்குப் பார்ப்பது இலக்கியவாதிக்கு அழகல்ல என்பார்கள். விற்பனைக் கணக்கால் உருவான ஒன்றை எதிர்கொள்ளக் கணக்கும் ஓர் ஆயுதமே.

முதல் ஆல்பத்திலிருந்து இரண்டு. இரண்டாவதிலிருந்து மூன்று. மூன்றாவதிலிருந்து ஒன்றுமில்லை. ஐந்தாவதிலிருந்து ஒன்று, ஆறாவதிலிருந்து இரண்டு, ஏழாவதிலிருந்து மூன்று. எட்டாவதிலிருந்து ஒன்றுமில்லை. ஆக, இரட்டைத் தட்டாக வந்த மூன்றாம் ஆல்பம் நடந்ததாகவே இந்த வரலாற்றில் பதிவில்லை.

ஏழாம் ஆல்பத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1974இல் வெளியான அதுவும் இரட்டைத் தட்டுத்தான். ஜாஸ் ஆல்பமாகத் தொடங்கி, முதல் தட்டின் பெரும்பகுதியைப் பாடல் வரிகளே இல்லாத கருவியிசைக்கு ஒதுக்கியிருந்தார்கள். புகழின் உச்சியில் இருந்த குழு ஒன்று தன் கேட்போரிடம் 'கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்' என்று வேண்டிக்கொண்ட தருணம் அது. IXஇல் இடம்பெற்ற மூன்று பாடல்களும் அதன் இரண்டாம் தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. முதல் தட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. ஊதுகருவிகளுக்காகவே பேசப்படும் ஒரு குழுவின் 'மகத்தான' தொகுப்பில், கருவிகள் மட்டுமே பேசும் ஓர் உருப்படிகூட இல்லை.

இசையமைத்தவர்களின் கணக்கு இது: பாங்கோவின் பங்கு ஐந்து (ஒன்றில் செடேரா கூட்டாளி), லாம் நான்கு, செடேரா ஒன்று, லாக்னேன் ஒன்று. டெர்ரி காத் எழுதியது ஒன்றுமில்லை. முதல் ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் 'இன்ட்ரொடக்ஷன்' காத் இயற்றியது. ஆறரை நிமிடத்துக்குள் இந்தக் குழுவால் என்னென்ன முடியும் என்று முழுப் பட்டியலையும் வாசித்துக் காட்டிவிடுகிற ஆக்கம் அது. குழுவே தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தேர்ந்த படைப்பு, குழுவை உலகுக்கு அறிமுகம் செய்யும் தொகுப்பில் இல்லை. தனிப்பாட்டுத் தட்டாக விற்பனைக்கு வராததால் அது 'ஹிட்' அல்ல. ஆகவே அது 'கிரேட்டஸ்ட்' ஆகவும் முடியாது. தர்க்கம் எவ்வளவு எளிமையாக முடிந்துவிடுகிறது பாருங்கள்!

3

விடுபட்டவற்றை விடுவோம். எடுத்துக்கொண்டதை என்ன செய்தார்கள்?

இரண்டாம் ஆல்பத்தில் பாங்கோ இயற்றிய ஒரு தொடரிசை உண்டு: 'பேலே ஃபார் எ கேர்ள் இன் புக்கானன்'. ஏழு பகுதிகள், ஏறத்தாழ பதின்மூன்று நிமிடங்கள். முதல் பகுதி 'மேக் மீ ஸ்மைல்'. உற்சாகமாகத் துள்ளிவரும் ஊதுகருவிகளும் காத்தின் கரகரத்த குரலும் அதில். இடையில் கருவிகள் தங்களுக்குள் தர்க்கித்துக்கொள்கின்றன, பதற்றம் ஏறுகிறது, கலைகிறது. ஐந்தாம் பகுதியாக வருவது 'கலர் மை வேர்ல்ட்'. பியானோவின் ஒற்றை அலை மீண்டும் மீண்டும் எழ, அதே காத் இப்போது தணிந்த குரலில் சில வரிகளை மட்டும் பாடி விலக, பாரசைடரின் புல்லாங்குழல் மிச்சத்தைச் சொல்கிறது. அங்கிருந்து இசை மீண்டும் எழுந்து ஏழாம் பகுதியில் தொடக்கத்தின் உற்சாகத்துக்குத் திரும்புகிறது. அந்தத் தணிந்த குரலின் பொருள் முன்னாலும் பின்னாலும் உள்ள இரைச்சலில் இருக்கிறது. நீண்ட பயணத்தின் நடுவே மரநிழலில் அமர்ந்த கணம் அது.

1970இல் வானொலிக்காக முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் வெட்டி ஒட்டி 'மேக் மீ ஸ்மைல்' என்று தனிப்பாட்டுத் தட்டாக வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. அது முதல் வெட்டு. IX செய்தது இரண்டாவது. அதில் 'கலர் மை வேர்ல்ட்' மூன்றாம் பாடல். 'மேக் மீ ஸ்மைல்' ஏழாம் பாடல். ஐந்தாம் பகுதி முதலில் வருகிறது. நடுவில் தொடர்பில்லாத மூன்று பாடல்கள். தட்டைத் திருப்பிப் போட்டால் முதல் பகுதி! நாடகத்தின் மூன்றாம் அங்கத்தை நடித்துவிட்டு, இடைவேளையில் வேறு கதையிலிருந்து சில காட்சிகளைக் காட்டி, பிறகு முதல் அங்கத்தைப் போட்டால் அதை யாராவது நாடகம் என்பார்களா? இந்தத் தொகுப்பில் கடைசிப் பாடலாக வருவது 1969ஆம் ஆண்டின் 'பிகினிங்ஸ்', அதாவது 'தொடக்கங்கள்'. அங்கதம் திட்டமிட்டதாக இருந்திருந்தால் மகிழ்ந்திருப்போம்.

'கலர் மை வேர்ல்ட்' அமெரிக்காவில் பள்ளி இறுதி நடன விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் உரிய பாடலாகிப்போனதில் வியப்பென்ன? சுற்றிலும் இருந்த பதற்றத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இனிமை மட்டுமே. இனிமையை நாம் பழிக்கவில்லை. எதற்கு நடுவிலிருந்து அது பறிக்கப்பட்டது என்பதை மறைப்பதையே பழிக்கிறோம்.

4

விடுபட்ட ஒரு பாடலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1972இல் வந்த ஐந்தாம் ஆல்பத்தில் லாம் எழுதிய 'டயலாக்' இருக்கிறது. பெயருக்கேற்ப அது ஓர் உரையாடல். காத்தின் குரல் கேள்வி கேட்கிறது: போர், பசி, ஒடுக்குமுறை இவையெல்லாம் உன்னை உறுத்தவில்லையா என்று. செடேராவின் குரல் கல்லூரி மாணவனாக நின்று பதில் சொல்கிறது: தன்னைச் சுற்றி எல்லாம் நன்றாகத்தான் இருப்பதாக. கேட்பவரின் கவலையும் சொல்பவரின் சுகமும் மாறிமாறி மோதுகின்றன. இரண்டாம் பாகத்தில் எல்லோரும் சேர்ந்து 'நம்மால் மாற்றமுடியும்' என்ற பொருளில் பாடிக்கொண்டே போகிறார்கள். இறுதியில் கருவிகள் ஓய்ந்து குரல்கள் மட்டும் நின்று, சட்டென அறுந்துபோகிறது பாடல். நம்பிக்கையில் முடிந்ததா, நம்பிக்கை முறிந்ததா என்று கேட்பவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

இந்தக் குழு எழுதியவற்றுள் மிகக் கூர்மையானது இதுவே என்போம். தனிப்பாட்டுத் தட்டாகவும் வந்தது. ஆனால் பட்டியலில் முதல் இருபதுக்குள் நுழையவில்லை. IX அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஐந்தாம் ஆல்பத்திலிருந்து 'சாட்டர்டே இன் த பார்க்' மட்டும் வந்தது. பூங்காவில் ஒரு விடுமுறை நாள். ஐஸ்கிரீம், பாட்டு, சிரிப்பு. மூன்றாம் இடம் வரை ஏறிய பாடல். நல்ல பாடல் என்பதில் ஐயமில்லை. அதையும் லாம்தான் எழுதினார். பூங்காவின் மகிழ்ச்சியையும் அந்த மகிழ்ச்சியை நோக்கிய கேள்வியையும் ஒரே மனிதர், ஒரே ஆல்பத்தில் வைத்தார். தொகுப்பு பூங்காவை வைத்துக்கொண்டு கேள்வியை அனுப்பிவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1981இல் வந்த இரண்டாம் தொகுப்பில் 'டயலாக்' இடம்பெற்றது. வியட்நாம் போர் முடிந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பாடலில் வரும் மாணவன் யாரென்று இப்போது தெரிகிறது. எல்லாம் நலமே, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும் அந்தக் குரல்தான் IX.

5

எதிர்வாதங்கள் வரும். முக்கியமானதை முதலில் எடுத்துக்கொள்வோம்: 'தொகுப்பை எதிர்க்கும் நீங்கள் தமிழ் இலக்கியம் படித்தவர்கள்தானே? சங்கப் பாடல்களே தொகுப்புகளாகத்தானே நமக்குக் கிடைத்தன?'

ஆம். அதனாலேயே பேசுகிறோம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று மரபு பெயர் சொல்கிறது. தொகுப்பு முறையும் தெரிகிறது. ஒற்றைப்படை எண்ணில் வருவன பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்தில் நெய்தல். குறுந்தொகையும் நற்றிணையும் அடியளவைக் கொண்டு பிரிந்தன. இம்முறைகளில் குறை காணலாம். காண்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதே பெரிது. வரிசையில் ஒரு பாடலின் இடம் எதைச் சொல்கிறது என்று நம்மால் கேட்கமுடியும். முல்லைக்குப் பக்கத்தில் பாலையை வைத்தவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்.

IXஇன் முறை என்ன? விற்றது உள்ளே, விற்காதது வெளியே. அதுவும் முழு உண்மையல்ல. 1975இல் ஐந்தாம் இடம் வரை ஏறிய 'ஓல்ட் டேஸ்' கூட உள்ளே வரவில்லை! ஆகவே சந்தையின் தீர்ப்பைக்கூட நேர்மையாகப் பதியவில்லை இந்தத் தொகுப்பு. தொகுத்தது சந்தை, தொகுப்பித்தது நிறுவனம் என்று எழுதிவைக்கலாம். நெறி மட்டும் இல்லை.

அடுத்த வாதம்: 'இது நுழைவாயில். புதியவர்கள் இதன்வழியே உள்ளே வருவார்கள்.' நுழைவாயிலுக்குப் பின்னால் வீடு இருப்பது தெரியவேண்டும். இந்த வாசலோ வீட்டின் ஓவியம் தீட்டிய சுவர். பார்த்தவர் வீட்டையே பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகிறார். பாடத்திட்டத்தில் உள்ள பத்துக் குறுந்தொகைப் பாடல்களைப் படித்தவர், படித்து முடித்துவிட்டதாகவே வாழ்நாள் முழுதும் நம்புவதை வகுப்பறைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். தெரியாதவருக்குக் கற்பிக்கமுடியும். தெரியும் என்று சான்றிதழ் பெற்றவருக்குக் கற்பிப்பது கடினம்.

மூன்றாவது வாதம் நேர்மையானது: 'அந்தப் பழைய ஆல்பங்களில் சரக்கும் உண்டு, சலிப்பும் உண்டு. ஏழு நிமிடக் கிதார் அலறலை யார் கேட்பது?' கேட்கவேண்டாம் என்பவருடன் நமக்குச் சண்டையில்லை. ஆனால் '25 ஆர் 6 டு 4' பாடலில் வரும் காத்தின் கிதார்த் தனியிசையை வியக்காதவர் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு இருபத்தைந்தோ இருபத்தாறோ நிமிடம் இருக்கையில், எழுத வராமல் விழித்திருக்கும் ஒருவரைப் பற்றிய பாடல் அது. அந்தத் தனியிசையில் உள்ள வெறி அலறிப் பழகிய கையிலிருந்தே வந்தது. விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு வயலை மறுப்பது நியாயமா?

6

தொகுப்பு ஒரு தட்டுத்தானே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

இந்தக் குழு தன் ஆல்பங்களுக்குப் பெயர் வைக்காமல் ரோம எண்களை இட்டுவந்தது. எட்டாவது புதிய ஆல்பம். பத்தாவது புதிய ஆல்பம். நடுவில் ஒன்பது என்ற எண் இந்தத் தொகுப்புக்குத் தரப்பட்டது. படைப்பின் வரிசையில் விற்பனைப் பட்டியலுக்கு நாற்காலி போட்டது குழுவும் நிறுவனமும் சேர்ந்தே. அது அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. புதிதாக எதுவும் படைக்காமல் எட்டிய உச்சி!

அதற்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். 1976இல் பத்தாம் ஆல்பத்திலிருந்து செடேராவின் 'இஃப் யூ லீவ் மீ நௌ' முதலிடம் பெற்றது. தனிப்பாட்டுத் தட்டுகளின் பட்டியலில் குழு முதன்முறையாக எட்டிய உச்சம். மென்மையான காதல் பாடல். 1978 ஜனவரியில் டெர்ரி காத் கைத்துப்பாக்கி விபத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். முப்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன. 1982இல் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரின் கைக்குள் குழு வந்தது. 'ஹார்ட் டு சே ஐம் சாரி' முதலிடம் பெற்றது. ஆல்பத்தில் அந்தப் பாடலின் வாலாக 'கெட் அவே' என்ற துரிதப் பகுதி ஒட்டியிருக்கும். பாடல் முழுதும் காத்திருந்த ஊதுகருவிகள் அங்கேதான் வாய் திறக்கின்றன. முன்பு பாடலின் நடுவே நின்று வாதாடியவர்கள், பாடல் முடிந்தபின் பேச அனுமதி பெற்றவர்களானார்கள். 1989இல் மூன்றாவது தொகுப்பு வந்தது. 1982 முதல் 1989 வரை என்று அட்டையிலேயே எல்லை கட்டியிருந்தார்கள். காத்தின் கிதார் ஒலிக்காத முதல் வெற்றித்தொகுப்பு அது. எண் வரிசையில் இருபதாம் இடம் அதற்குத்தான்.

ஒரு தொகுப்பு மட்டுமே இவ்வளவையும் செய்துவிட்டது என்று சொல்வது மிகையாகும். காலம் மாறியது, வானொலி மாறியது, மரணம் நேர்ந்தது. ஆனாலும் எந்த முகம் விலைபோகும் என்பதற்கான கண்ணாடியை அந்தக் குழுவின் கையில் முதலில் கொடுத்தது IX. பிறகு அவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே முகத்தைத் திருத்திக்கொண்டார்கள். அடுத்த தொகுப்பில் சேரக்கூடிய பாடலை எழுதுவதே பாடல் எழுதுவது என்றாயிற்று.

சிகாகோ குழு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. முதல் பதிவு வெளியாகி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தவர்கள் தகுதியுடையவர்கள் என்பது அதன் விதி. இந்தக் குழு நாற்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தது. காதல் பாடல் வியாபாரிகள் என்ற பிம்பமே தடையாக நின்றது என்று கருதுகிறோம். அதே 2016இல், காத் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள், தன் தந்தை யாரென்று தேடிச்சென்று ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டார். ஒரு கலைஞர் யார் என்பதை, அவரது தட்டுகள் பல இலட்சக்கணக்கில் விற்ற பிறகும், மகள் தேடிப்போய்ச் சொல்லவேண்டியிருந்தது.

7

இன்று இசைத்தட்டும் குறுந்தகடும் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. இணையத்தில் ஒரு கலைஞரின் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அதிகம் கேட்கப்பட்ட பாடல்களின் பட்டியல். அதிகம் கேட்கப்பட்டதால் மேலே இருக்கிறது. மேலே இருப்பதால் அதிகம் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு கலைஞருக்கும் ஒவ்வொரு கணமும் ஒரு IX தயாராகிக்கொண்டிருக்கிறது. 1975இல் குறைந்தபட்சம் ஒரு மனிதர் அமர்ந்து பதினொன்றைத் தேர்ந்திருப்பார். இப்போது அதுவும் தேவைப்படவில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. தொகுப்பு வரட்டும். தொகுத்தவர் தம் பெயரை இடட்டும். எந்த நெறியில் தொகுத்தார் என்று நான்கு வரி எழுதட்டும். எதை, ஏன் விட்டார் என்று சொல்லட்டும். ஏழு பகுதி கொண்டதை எடுத்தால் ஏழையும் எடுக்கட்டும், இல்லையேல் தொடாமல் விடட்டும். இலக்கியத் தொகுப்பாசிரியர் எவரிடமும் சிற்றிதழ் வாசகர்கள் தயங்காமல் கேட்கும் கணக்குத்தான் இது. இசைக்கு மட்டும் ஏன் விலக்கு?

கேட்போர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. இணையப் பட்டியலை ஒரு மாலைக்கு ஒதுக்கிவையுங்கள். 1970ஆம் ஆண்டின் இரண்டாம் ஆல்பத்தை எடுத்து, 'மேக் மீ ஸ்மைல்' தொடங்கும் இடத்திலிருந்து, எதையும் தாண்டாமல், பதின்மூன்று நிமிடம் கேளுங்கள். ஐந்தாவதாக அந்தப் புல்லாங்குழல் வரும். அதை முன்பே பலமுறை கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அப்போது தெரியும்.